திராட்சை ஊறலும் 195 மில்லியும்

கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பாளையங்கோட்டைப் பக்கத்து வீடு ஒன்றில் ஒரு பீங்கான் ஜாடி அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிடும். உள்ளே கறுப்புத் திராட்சை, மஞ்சள் திராட்சை, பொடியாக நறுக்கிய பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், டூட்டி ஃப்ரூட்டி. எல்லாம் நனையும் அளவுக்கு ரம். இதற்கு வீட்டில் வழங்கும் பெயர் ‘ஊறல்’. இதே சொல்லை மதுவிலக்குப் போலீசாரும் வழங்குகிறார்கள். அவர்கள் கண்டால் கீழே கொட்டி அழிக்கிறார்கள், இங்கே துணி சுற்றி வேடு கட்டுகிறார்கள். ஒரு சொல் பல பொருள் என்ற தலைப்பில் தனியே ஆராயவேண்டிய செய்தி இது.

இக்கட்டுரையின் ஆய்பொருள் வேறு. இரண்டு கிலோ கேக்குக்குப் பெரியம்மாவின் கணக்குப்படி வேண்டியது ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி. சித்தப்பா செய்தித்தாளில் சுற்றி வாங்கிவருவதோ ஆஃப், அதாவது 375 மில்லி. ஜாடிக்குள் போனது போக மிச்சம் 195. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழுகிறது, அதுவும் யோசித்து யோசித்து. அந்த 195 மில்லி எங்கே போயிற்று?

குவார்ட்டர் போதும் என்னும்போது ஆஃப் எதற்கு என்று கேட்கலாம். ‘ஊத்தும்போது சிந்தும்லா’ என்பது சித்தப்பாவின் விடை. ஒரு பங்கு ஊற்றுவதற்கு ஒரு பங்குக்கு மேலேயே சிந்தும் என்று முன்கூட்டியே கணிக்கும் கை மற்ற வேலைகளில் ஒரு துளி எண்ணெயையும் சிந்தியதில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவைப்போம்.

முதலில் பெயர்க்காரணம். பிளம் கேக்கில் பிளம் பழம் கிடையாது. பழைய ஆங்கில வழக்கில் உலர்ந்த திராட்சையையும் ‘பிளம்’ என்றே சொன்னார்கள். பழம் போய்ப் பெயர் நின்றுவிட்டது. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள இந்த விரிசல் ஜாடி முழுக்கப் பரவியிருக்கிறது. டூட்டி ஃப்ரூட்டி என்பது சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய பப்பாளிக்காய். கடையில் ‘செர்ரி’ என்று விற்கும் சிவப்புக் கோலிக்குண்டு பெரும்பாலும் களாக்காய். ஜாடிக்குள் உண்மைப் பெயரோடு இருப்பது திராட்சையும் ரம்மும்தான்.

ஏன் ரம்? இங்கே இரண்டு கட்சிகள் உண்டு. வடகலை தென்கலை போல. தமிழ்நாடு பிராந்தி விரும்பும் நாடு என்பதால் பிராந்திக் கட்சிக்கு ஆள்பலம் அதிகம். இலங்கையும் அந்தப் பக்கமே. அங்கே கிறிஸ்துமஸ் கேக்கில் மைதாவுக்குப் பதிலாக ரவை, நிறைய முட்டை மஞ்சள் கரு, முந்திரி, பாகில் ஊறிய நீற்றுப்பூசணி, பன்னீர், மேலே பிராந்தி. கலியாண வீட்டிலும் இதன் சாயலில் ‘ரிச் கேக்’ துண்டுகளைத் தாளில் சுற்றி விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள்.

தலசேரிச் சரித்திரம் இரு கட்சிக்கும் பொது. 1883இல் மர்டாக் பிரௌன் என்ற தோட்டத்துரை, சீமையிலிருந்து வந்த கேக் ஒன்றை மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரரிடம் கொடுத்து, இதே போலச் செய்துதர முடியுமா என்று கேட்டதாகச் சொல்வார்கள். பிரெஞ்சு பிராந்தி சேர்க்கச் சொன்னாராம் துரை. பிரெஞ்சுக்காரர்களின் மாஹே பக்கத்தில்தான் இருந்தது. பாப்பு அதை நாடவில்லை. முந்திரிப் பழத்தில் இறக்கிய உள்ளூர்ச் சரக்கையும் கதலிப்பழத்தையும் சேர்த்தார். அச்சைக் கொல்லரிடம் அடித்து வாங்கினார். சாப்பிட்டுப் பார்த்த துரை மேலும் ஒரு டஜன் கேட்டார் என்று கதை முடிகிறது. கேக்குக்கு இன்ன சரக்குத்தான் என்று விதி எழுத வருகிறவர்கள் முதலில் தலசேரிக்கு வண்டி ஏறட்டும்.

ஆனாலும் ரம் கட்சியின் வாதம் வலுவானது. ரம் கரும்பின் பிள்ளை. ஆலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடிப்பது. கேக்கின் கறுப்பு நிறத்துக்கும் சர்க்கரையே காரணம். பெரியம்மா இரும்புச் சட்டியில் தண்ணீர் விடாமல் சர்க்கரையைப் போட்டு அடுப்பில் ஏற்றுவார். ஓரம் இளகும், தேன் நிறமாகும், அப்புறம் செங்கல் நிறம். ‘இப்ப எறக்கிருவமா?’ என்று யாராவது கேட்டால் பதில் வராது. நுரை கட்டி, மெல்லிய புகை எழுந்து, மூக்கில் இலேசான கசப்பு ஏறும் அந்தக் கணத்தில் வெந்நீரை ஊற்றுவார். சட்டி சீறும், சமையலறையில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்குவார்கள். அந்தக் கருக்கல் பாகின் மணமும் நல்ல ரம்மின் மணமும் ஒரே குடும்பம். பிராந்தி அந்த வீட்டுக்கு மருமகள். ரம் பிறந்த பெண்.

மர மணமும் உண்டு. ரம் ஓக் பீப்பாயில் கிடக்கும்போது மரத்திலிருந்து வெனிலின் இறங்குகிறது. வெனிலா மணத்தின் மூலப்பொருள் இதுதான். ஆகவே கறுப்பு ரம்மை முகர்ந்தால் முதலில் வெல்லம், பிறகு வெனிலா, கடைசியில் உலர்ந்த திராட்சையின் சாயல் வரும். ஜமைக்காவில் நெடுநாள் புளிக்கவைத்து வடிக்கும் சில ரம்களில் எஸ்டர்கள் மிகுதி. மூடியைத் திறந்தால் கனிந்து கறுத்த வாழைப்பழமும் அன்னாசியும் முகத்தில் அடிக்கும். ஓல்டு மங்க் போன்ற நம் நாட்டு ரம்மில் வெனிலாவும் கருக்கிய சர்க்கரையும் முன்னுக்கு நிற்கும். முதிரவைப்பது நமக்குப் புதிதும் அன்று; மூங்கில் குழாயில் ஊற்றி விளையவைத்த தேறலைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. ஓக் இல்லாத ஊரில் மூங்கில்.

இனி நன்னூலார் வகுத்த ஏழு மதங்களுள் ஒன்றான பிறர் மதம் மேற்கொண்டு களைதல். 195 மில்லி மறைந்ததற்கு வீட்டில் வழங்கும் விளக்கங்கள் மூன்று.

முதல் விளக்கம்: ‘திராட்ச குடிச்சிருக்கும்.’ இதில் பாதி உண்மை. உலர்ந்த திராட்சையில் ஈரம் நூற்றுக்குப் பதினைந்து அளவில்தான் இருக்கும். தாகம் அதற்கு நியாயமானது. அது ரம்மை உறிஞ்சிப் பருத்து, ஒரு மாதத்தில் குட்டிக் குட்டித் தலையணை போலாகிவிடும். ஆரஞ்சுத் தோலின் எண்ணெய் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அதனால்தான் பழச்சாற்றில் ஊறிய கேக்குக்கு அந்த ஆழம் வருவதில்லை, நாள்பட இருப்பதும் இல்லை. எல்லாம் சரி. ஆனால் திராட்சை குடித்தது ஜாடிக்குள் இருந்த 180ஐ. மூடிபோட்டுப் பக்கத்தில் நின்ற பாட்டிலுக்குள் எந்தத் திராட்சையும் இறங்கவில்லை. இவ்விளக்கம் களையப்பட்டது.

இரண்டாவது: ‘ஆவியாப் போயிருக்கும்.’ இதுவும் வெறும் பேச்சன்று. பீப்பாயில் கிடக்கும் சரக்கில் ஆண்டுதோறும் ஒரு பங்கு மரத்தின் வழியே காற்றில் கலக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். அந்தக் குளிரில் அது ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு. வெப்பம் கூடிய பெங்களூரில் அம்ருத் ஆலையின் பீப்பாய்களில் 10, 12 விழுக்காடு வரை போகிறது. நம் ஊர்த் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். இந்தப் பழியை அவர்கள் மேலேயே போட்டுப் பார்ப்போம். 375 மில்லி 180 ஆகக் குறைய ஸ்காட்லாந்துத் தேவதைகளுக்கு 36 ஆண்டுகள் வேண்டும். பெங்களூர்த் தேவதைகளே முழுமூச்சாக உட்கார்ந்தாலும் ஐந்தே முக்கால் ஆண்டு ஆகும். பாளையங்கோட்டையில் எட்டு வாரத்தில் முடிந்திருக்கிறது. மேலும் தேவதைகள் மரத்தின் வழியே வருபவர்கள். கண்ணாடியில் அவர்களுக்கு வாசல் இல்லை.

மூன்றாவதுதான் நுட்பமானது: ‘எல்லாம் கேக்குக்குள்ளதான் இருக்கு.’ கேக் வெட்டிய அன்று சித்தப்பா ஒரு துண்டு தின்றுவிட்டு, பழைய எம்.ஜி.ஆர். படப் பாட்டுகளை வரிசையாகப் பாடியது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

சான்றை எடைபோட வேண்டும். எதிர்க்கட்சி வழக்கமாகச் சொல்வது: ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், அடுப்புச் சூட்டில் ஒன்றும் மிஞ்சாது. அது தவறு. தண்ணீரோடும் மாவோடும் கலந்த ஆல்கஹால் ஒரே மூச்சில் எழுந்து போய்விடாது. அமெரிக்காவில் 1992இல் வெளியான ஆய்வு ஒன்று ஆறு சமையல்களை அளந்து, பக்குவத்தைப் பொறுத்து 4 முதல் 85 விழுக்காடு வரை ஆல்கஹால் தங்குவதைக் கண்டது. அந்நாட்டு வேளாண் துறையின் அட்டவணைப்படி, கலவையில் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வேகவைத்தால் ஐந்தில் ஒரு பங்கு தங்கும். சரக்கை ஊற்றித் தீப்பற்றவைத்துக் காட்டும் ஓட்டல் வித்தையில் முக்கால் பங்கு அப்படியே இருக்கிறது. எரிவது பார்ப்பவர் கண்களுக்குத்தான்.

ரம்மின் வீரியம் 42.8 விழுக்காடு. இந்த விசித்திர எண்ணுக்கும் ஒரு பின்கதை உண்டு. வெடிமருந்தில் ரம்மை ஊற்றி, அப்போதும் அது பற்றிக்கொண்டால் சரக்கு நயம் என்பது பழைய சோதனை என்பார்கள். பற்றும் அந்த எல்லையை நூறு டிகிரி ‘ப்ரூஃப்’ என்று வைத்தனர் ஆங்கிலேயர். ஏறக்குறைய 57 விழுக்காடு. அதில் முக்கால்தான் நம் 42.8. தங்கள் மாலுமிகளுக்குத் தினமும் அளந்து ஊற்றிய ரம்மை 1970 ஜூலை 31 அன்று பிரிட்டிஷ் கடற்படை நிறுத்திக்கொண்டது. அளவைக்கு வெடிமருந்து தேவைப்படாமல் போனாலும் எண் நம் பாட்டிலில் ஒட்டிக்கொண்டது.

கணக்குக்கு வருவோம். 180 மில்லி ரம்மில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. பெரியம்மா வீட்டில் ஓவன் கிடையாது. குக்கருக்குள் மணல் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, சிறுதீயில் ஒன்றரை மணி நேரம். ஐந்தில் ஒன்று தங்கினால் 15 மில்லி. ஐம்பது துண்டு போட்டால் துண்டுக்கு 0.3 மில்லி. ஒரு லார்ஜில், அதாவது 60 மில்லி ரம்மில், இருப்பதோ 25 மில்லிக்கு மேல். ஆகவே ஐம்பது துண்டுகளையும் ஒருவர் தனியாகத் தின்று தீர்த்தாலும் ஒரு லார்ஜுக்கு ஈடாகாது. அவருக்கு வருவது அஜீரணம். ஒரு துண்டுக்கு ஒரு வரி ராகம்கூட வர நியாயமில்லை. சித்தப்பா ஒரு மணி நேரம் பாடினார்.

நேர்மைக்காக ஒரு கழிவு தரவேண்டும். வெந்த கேக்கை ஊசியால் குத்தி, வாரம் ஒருமுறை மேலே ரம் தெளிப்பது உண்டு. அதில் சூடு இல்லாததால் பெரும்பகுதி தங்கும். மூன்று மேசைக்கரண்டி என்று வைத்தால் 45 மில்லி. 195இல் 45 போனால் 150. இரண்டரை லார்ஜ். துல்லியமாக இரண்டரை.

இந்த இடத்தில் ஆய்வு முடிந்து சித்தப்பா மீது தீர்ப்பு எழுதப்பட்டிருக்கும். களப்பணியின் கடைசி நாளில் ஏலக்காய் தேடி அஞ்சறைப்பெட்டியைத் திறக்காமல் இருந்திருந்தால்.

சீரகத்துக்கும் கடுகுக்கும் நடுவில், கிராம்பு இருக்கவேண்டிய கிண்ணத்தில், இருமல் மருந்து பாட்டிலின் பிளாஸ்டிக் அளவு மூடி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. 10 மில்லி. அதில் இருமல் மருந்தின் வாடை இல்லை. வெல்லம், வெனிலா, கடைசியில் உலர்ந்த திராட்சை. 150ஐ 10ஆல் வகுத்தால் பதினைந்து மூடி. எட்டு வாரத்துக்குப் பதினைந்து. வாரத்துக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ஒன்று, புதன் மாலை ஜெபக்கூட்டத்துக்குப் போகுமுன் ஒன்று எனக் கொண்டால் கணக்கு நேராகிறது.

‘அது சளிக்குப்பா’ என்றார் பெரியம்மா, மாவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றியபடி. பிறகு அதே குரலில், ‘ஊறல் எப்படி எறங்கிருக்குன்னு ஒரு ஆளு ருசி பாக்க வேண்டாமா? சித்தப்பாவுக்கு நாக்கு கெடையாது.’

அப்படியானால் சித்தப்பா எதைக் குடித்துவிட்டுப் பாடினார் என்ற வினா எழுகிறது. அவர் வாங்கிவந்தது ஆஃப் ஒன்றுதானா என்பதற்குச் செய்தித்தாள் சுற்றின் வெளித்தோற்றத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. வரும் ஆண்டு ஃபுல்லாக வாங்கிவரும்படி பெரியம்மா சொல்லியிருக்கிறார். சித்தப்பா மறுபேச்சுப் பேசவில்லை. 750இல் 180 போனால் 570. கேக் அதே இரண்டு கிலோதான்.