மதுரை வட்டாரத்தில் செடார் ஏக்கம்: ஒரு கள ஆய்வு

இவ்வாய்வின் மாதிரி எண்ணிக்கை ஒன்று: என் தாய்மாமா. பிரிஸ்டலில் 19 வருஷம் இருந்துவிட்டு மதுரை அண்ணா நகரில் வீடு கட்டிக் குடிவந்தவர். மூன்றாம் வாரமே நோய் தலைகாட்டிவிட்டது. அயிரை மீன் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "எல்லாம் இருக்கு மாப்ள, ஒரு துண்டு செடார் சீஸ்தான் இல்ல" என்றார். பரதேசம் போனவனுக்கு வரவேண்டிய ஏக்கம் சொந்த ஊர் திரும்பியவனுக்கு வரலாமா என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

இந்நோய்க்கு இலக்கியச் சான்று உண்டு. 1883இல் நூலாக வந்த ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' கதையில், தனித்தீவில் மூன்று வருஷம் கிடந்த பென் கன், மனுஷ முகத்தைக் கண்டதும் கேட்பது ஒரு துண்டு சீஸ். டாக்டர் லிவ்சியின் மூக்குப்பொடி டப்பாவில் அவனுக்காகக் காத்திருந்ததோ இத்தாலிக்காரர்களின் பார்மசான். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. இதைப் பென் கன் விதி என்போம். மதுரையிலும் இது பிசகவில்லை.

"சீஸ் இருக்கா தம்பி?"

"பீட்சாவுக்காண்ணே, சாண்ட்விச்சுக்கா?"

"சும்மா திங்க."

கடைத்தம்பி மாமாவை ஏற இறங்கப் பார்த்தான். சும்மா தின்பவர்களுக்கென்று அங்கே தட்டு ஏதுமில்லை. மொசரெல்லாத் துருவல் இருந்தது. காகிதம் சுற்றிய சதுர வில்லைகள் இருந்தன. வில்லையில் ஒன்றைக் கடித்துவிட்டு, "சோப்புக்குத் தம்பி முறை வேணும்" என்று மாமா தீர்ப்பளித்தார். இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி 1170இல் 10,240 பவுண்டு செடார் வாங்கியதாகக் கணக்கு இருக்கிறது. நாங்கள் கேட்டதோ கால் கிலோ.

சொல்லாராய்ச்சியும் கைகொடுக்கவில்லை. 'பாலாடைக்கட்டி' என்று தமிழில் சொன்னதும், "ஆடைய எடுத்தா நெய்யில்ல காய்ச்சணும், கட்டியா எதுக்கு வைக்கணும்?" என்றார் அத்தை. அகராதிக்காரர்கள் பதில் சொல்லட்டும்.

செடார் இங்கே பிறக்காததற்குக் காரணம் தட்பவெப்பம் என்பது என் துணிபு. பாலைத் திரித்து, திரிந்த கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் திருப்பித் திருப்பிப் போட்டு நீரை வடிப்பார்கள். பிறகு பொடித்து, உப்பிட்டு, அழுத்தி, மாதக்கணக்கில் கிடப்பில் போடுவார்கள். பத்து லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ தேறும். பேர் கொடுத்த செடார் ஊர் சாமர்செட்டில் இருக்கிறது. அங்குள்ள குகைகளில் எப்போதும் 11 டிகிரிக்குப் பக்கம்தான். நமக்கோ அக்னி நட்சத்திரத்தில் 40 தாண்டும். காலையில் உறை ஊற்றியது சாயங்காலம் புளித்து, மறுநாள் மோர்க்குழம்பாகி முடிந்துபோகிறது. ஒரு வருஷம் காத்திருந்து முற்றும் பண்டத்துக்கு இந்த ஊரில் ஏது பொறுமை? உறையிலும் பேதம் உண்டு. நமக்கு நேற்றைய மோர். அவர்களுக்கு வழிவழியாகக் கன்றின் இரைப்பை. இந்தியாவில் இப்போது நுண்ணுயிர் உறைதான் என்று சத்தியம் செய்த பிறகே அத்தை டிபன் பாக்ஸ் தந்தார்.

டிபன் பாக்ஸ் கொடைக்கானலுக்கு. வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் 1845இல் பழனி மலைமேல் இரண்டு பங்களா கட்டியதில் முளைத்த ஊர் அது. சுமார் 2,100 மீட்டர் உயரம். பாதிரிமாருக்கு ஒத்துக்கொண்ட குளிர் செடாருக்கும் ஒத்துக்கொண்டது. அங்கே செய்கிறார்கள், விற்கிறார்கள். முற்றியதாகப் பார்த்து ஒரு கிலோ வாங்கினோம்.

ஆரப்பாளையம் பஸ்ஸில் மலையிறங்கும்போதுதான் ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது: செடாரின் மணம் உயரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். பெருமாள்மலையில் ஒன்றும் தெரியவில்லை. டம்டம் பாறையில் முன்சீட்டு அம்மா ஜன்னலைத் திறந்தார். வத்தலக்குண்டில் கண்டக்டர், "யாருப்பா ஷூவக் கழட்டுனது?" என்றார். ஷூ போட்டிருந்த மாமா வெளியே வேடிக்கை பார்த்தார். எல்லோரும் என் செருப்பைப் பார்த்தார்கள்.

நிலக்கோட்டை தாண்டியதும் மூடியை லேசாகத் திறந்தார். எண்ணெய் கசிந்து மினுங்கிய கட்டியில் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடினார். வாடிப்பட்டி வரை திறக்கவில்லை.

"எப்படி மாமா?"

"அதேதான் மாப்ள. பிரிஸ்டல்ல இதக் கையில வச்சுக்கிட்டு, கடிச்சுக்க ஒரு மாவடு கெடைக்காதான்னு அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சிருக்கேன். ஜாடியில மிச்சம் இருக்கான்னு அத்தைக்கு ஒரு போனப் போடு."