கப்பல்காரத் தம்பி

நாசரேத்தில் கடல் இல்லை. பனை உண்டு, பக்கத்தில் தேரி மணல் உண்டு, 1876-ல் வந்து ஊரையே பள்ளிக்கூடமாக்கிய மிஷனரி மர்காஷிஸ் ஐயர் பெயரில் மேல்நிலைப்பள்ளி உண்டு. அலையைப் பார்க்க வேண்டுமென்றால் திருச்செந்தூருக்கு ரயிலேற வேண்டும். இருந்தும் ஊரில் கப்பல்காரத் தம்பிக்குப் பஞ்சமில்லை.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். மே மாத வெயிலில், கோவில் வாசலில், கம்பெனி பெயர் போட்ட குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பான். ஊருக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லமாட்டான். 'சைன் ஆஃப்' ஆகியிருக்கிறான். வீட்டுச் சமையலறை அவனுக்கு 'கேலி'. குளியலறைக் குழாயில் தண்ணீர் சொட்டினால், அதை அடைக்காமல், ஒரு வாளிக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கெடுப்பான்.

ஊர் அவனைக் 'கேப்டன்' என்கிறது. அவன் மறுப்பதில்லை. உள்ளபடி அவன் கேடட், பயிற்சிப் பையன். கப்பலில் அவனுக்கு மேலே எல்லாரும் இருக்கிறார்கள். கீழே தண்ணீர்தான் இருக்கிறது.

"எம்புள்ள கப்பல்லயே இருந்து படிக்கான்" என்பாள் அம்மா. ஜன்னலோரம் மேஜை, மேஜைமேல் புத்தகம், ஜன்னலுக்கு வெளியே நீலக்கடல். அவள் மனக்கண்ணில் உள்ள கப்பல் உலகத்தில் இல்லாமலும் இல்லை. 'செமஸ்டர் அட் சீ' என்று அமெரிக்க மாணவர்களை ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றும் மிதக்கும் கல்லூரி 1963 முதல் நடக்கிறது. சென்னையிலும் கொச்சியிலும்கூட வந்து நின்றிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பணம் கட்டி ஏறி, பாடம் கேட்டு, கரையில் இறங்கி ஊர் பார்ப்பார்கள்.

நம் தம்பி ஏறுவது நிலக்கரிக் கப்பல். ஒரு வருடம் கரையில் வகுப்பு, அப்புறம் 18 மாதம் கடலில் பயிற்சி. லீவில் வீட்டில் கிடக்கும் நாள் எதுவும் அதில் சேராது. அந்த 18 மாதத்தில் அவன் புத்தகத்தைவிட அதிகம் கையில் பிடிப்பது துரு தட்டும் சுத்தியலை. முன்தளத்தில் ஆரம்பித்துப் பின்தளம் வரை தட்டிக்கொண்டே போவான். முடிப்பதற்குள் முன்தளம் மறுபடி துருப்பிடித்திருக்கும். கரி இறக்கியபின் கிடங்கைக் கழுவி வெளியே வந்தால் பல்லும் கண்ணும்தான் வெள்ளை. அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் கூப்பிடுவாள். தம்பி நெட்வொர்க் இல்லை என்றுவிடுவான்.

படிப்பு இல்லாமல் இல்லை. பயிற்சிப் பதிவேடு என்று தடித்த புத்தகம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வேலையையும் செய்து காட்டி, சீஃப் ஆபீசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வேலையைக் கற்பதைவிட, சீஃபின் முகம் எப்போது தெளியும் என்று கற்பதில்தான் தம்பி தேர்ந்திருக்கிறான். ஜி.பி.எஸ். இருந்தும் செக்ஸ்டன்டைத் தூக்கிச் சூரியனை அளக்கச் சொல்வார்கள். முதல் தடவை தம்பி போட்ட கணக்கில், நடு இந்துமகா சமுத்திரத்தில் போய்க்கொண்டிருந்த கப்பல் நாசரேத்துக்குப் பக்கத்துச் சாத்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் நின்றது. சீஃப் சிரிக்கவில்லை. மறுபடி அளக்கச் சொன்னார்.

ஊர் நினைப்பில் போட்ட கணக்கோ என்னவோ. சூயஸிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் கப்பல்கள் இலங்கையின் தென்முனை தேவேந்திரமுனையை ஒட்டித்தான் திரும்பும். அங்கிருந்து நாசரேத் 400 சொச்சம் கிலோமீட்டர். சென்னையைவிடப் பக்கம். விடிகாலை நாலு மணிக் காவலில், ஊர்க் கோவில் அசன விருந்தை நினைத்துக்கொண்டு தம்பி அந்த முனையைக் கடந்திருக்கிறான்.

இதெல்லாம் ஊருக்குச் சொல்லப்படாது. சொல்லப்படுவது ராட்டர்டாம், சாண்டோஸ், ஷாங்காய். மூன்றிலும் அவன் கண்டது ஒரே மாதிரி கிரேன். கரையிறங்கக் கிடைத்த மூன்று மணி நேரத்தையும் மாலுமிகள் விடுதியில் இலவச வைஃபைக்குப் பக்கத்தில் கழித்திருக்கிறான். பிள்ளைகளுக்குக் கொடுத்த 'ஃபாரின்' சாக்லேட் மும்பை விமான நிலையத்தில் வாங்கியது. உலகம் சுற்றிவந்து பேசக் கற்ற புது மொழி இந்தி. அதுவும் தளத்து ஆட்களை மேய்க்கும் போசனிடம் கற்றது என்பதால் வீட்டில் பேசிக்காட்ட முடியாது.

கல்யாண வீட்டில் ஒருநாள், தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்து ஓய்ந்த பெரியவர் பக்கத்து இலையில் அகப்பட்டார். தம்பி ரேடார் புராணத்தை ஆரம்பித்தான். பெரியவர் ரசத்தை உறிஞ்சியபடி கேட்டார்:

"இஞ்சின் நின்னுபோச்சுன்னா என்ன செய்வே தம்பி?"

"சீஃப் இன்ஜினியருக்குப் போன் போடுவோம் தாத்தா."

"நாங்க பாயைத் திருப்பிக் கட்டிக் கொழும்புக்குப் போயிருவோம். நானும் ஒன்ன மாதிரி கஞ்சி காய்ச்சுற பையனா ஏறுனவந்தாம்டே. ஒனக்குப் பொஸ்தகத்துல கையெழுத்துப் போடுதாவ. எனக்கு முதுகுல போட்டாவ."

அன்றைக்குப் பாயசம் வரும்வரை தம்பி வாய் திறக்கவில்லை.

டாலரில் சம்பளமாமே என்று தரகர்கள் வருவார்கள். கேடட்டுக்குக் கிடைப்பது உதவித்தொகை என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. "திரும்ப எப்பம் போற?" என்று தெரு முழுக்கக் கேட்கும். அது கம்பெனிக்குத்தான் தெரியும், அவனுக்குத் தெரியாது.

பிளஸ் டூ முடித்த பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "அண்ணே, நானும் கப்பலுக்குப் போவட்டா? ஒரு ஏஜென்ட் அஞ்சு லட்சம் கேக்காரு" என்னும்போது மட்டும் தம்பி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவான். "ஒரு பைசா குடுக்காத. வேலைக்கு எடுக்கதுக்கு மாலுமிகிட்டக் காசு வாங்கப்படாது, அது சட்டம். கம்பெனிக்கு ஆளெடுக்க ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் இருக்கான்னு அரசாங்கத்தோட டி.ஜி. ஷிப்பிங் வெப்சைட்ல பாரு. இல்லன்னா அந்தப் பக்கமே போவாத."

கப்பல்காரத் தம்பி சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள். இதை மட்டும் அப்படியே நம்பலாம்.