"போட் போயித்து" மச்சான்

விசிறி சுற்றுகிறது, பெட்டிக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்கு ஓடுகிறது, திரை மட்டும் கறுத்துக் கிடக்கிறது. புதிதாகப் பூட்டிய கணினி இந்தக் கோலத்துக்கு வந்த அரை மணித்தியாலத்துக்குள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவரே "போட் போயித்து" மச்சான். வீரமுனையிலும் அதை ஒட்டிய சம்மாந்துறையிலும், கிழக்கே காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று கரையோரம் நெடுகவும் இவ்வகையினர் பரவி வாழ்கிறார்கள். தமிழ் வீடுகளில் மச்சான். முஸ்லிம் வீடுகளில் மச்சான் அல்லது காக்கா. முறை எதுவானாலும் தீர்ப்பு ஒன்றுதான்: "மதர்போட் போயித்து."

வயது 20க்கும் 25க்கும் நடுவில். போன் திருத்தும் கடையில் இருக்கலாம், சீசீடிவி பூட்டித் திரியலாம், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருப்பதால் அதன் வாசலைத் தினமும் கடந்து போகிறவராகவும் இருக்கலாம். இந்தப் பதவிக்கு வேண்டிய தகுதி, வாழ்நாளில் ஒரு கணினியையாவது சொந்தக் கையால் பூட்டியிருப்பது. அது வேலை செய்ததா என்று ஊர் கேட்பதில்லை.

இவ்வகையினருக்குத் தேவை பிறந்தது தூரத்தால். கேம் அடிக்கிற கணினிக்கான சாமான் பெரும்பாலும் கொழும்பிலிருந்து வருகிறது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்கு ஏறலாம். வீரமுனையில் இருப்பவருக்கு அந்தப் படி 300 கிலோமீற்றருக்கு அப்பால். வொரண்டி என்பது இரவு பஸ், பகல் வரிசை, மறுபடி இரவு பஸ். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்தில் 360 ரூபாய்ப் பக்கம் ஏறியதும் புதுக் கிராபிக்ஸ் காட் கனவாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 15இல் எதீரியம் நாணயத்தைக் கிராபிக்ஸ் காட்டால் தோண்டும் முறையே நின்றுபோக, உலகெங்கும் இரவு பகலாகக் காசு தோண்டிக் களைத்த காட்டுகள் பழைய சாமானாகச் சந்தைக்கு வந்தன. 2017இல் பிறந்த ஆர்எக்ஸ் 580 போன்றவை அப்படித்தான் மலிவான கணினிகளுக்குள் புகுந்தன. முன்வாழ்க்கை தெரியாத காட் உள்ளே இருக்கும்போது, திரை கறுத்தால் சந்தேகப்பட ஆளுக்குப் பஞ்சமில்லை. சந்தேகத்தை வாய் திறந்து சொல்ல ஒருவர் வேண்டும், மச்சான் வருகிறார்.

வீட்டுக்குள் கணினி நுழைந்த வழியும் கவனிக்கத்தக்கது. பெரும்போக அறுவடைக் காசு கைக்கு வந்து, சாதாரண தரப் பரீட்சையும் முடிகிற காலத்தில் "ஐ.சி.டி. பாடத்துக்கு வேணும்" என்று மகன் கேட்கிறான். கிராபிக்ஸ் காட் எதற்கென்று தகப்பன் கேட்டால் "படம் கீறுறதுக்கு." பெட்டிக்குள் வண்ண விளக்கு எதற்கென்றால் "உள்ளுக்குப் பூச்சி போகாது." ஆகவே திரை கறுத்த அன்று வீட்டில் சத்தம் போட முடியாத நிலை மகனுக்கு. மச்சானை அழைக்கும் தொலைபேசிப் பேச்சு கிணற்றடியில், தாழ்ந்த குரலில் நடக்கிறது.

மச்சானின் ஆயுதம் டெஸ்டர் ஒன்று, பள்ளிக்கூட அழிறப்பர் ஒன்று. பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே ஊதுவார். பிறகு மோந்து பார்ப்பார். கருகிய மணம் இல்லை என்றால் முகம் வாடுகிறது. கதிரை போட்டு, பிளேன்டீ வந்ததும் தீர்ப்பு: "போட் போயித்து."

மதர்போட்டுக்குத் தாய்ப்பலகை என்ற சொல் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்ததும் அடுத்த ஊரான காரைதீவில்தான். இருந்தும், தாய்ப்பலகை போய்விட்டது என்று இந்தப் பக்கத்தில் ஒருவர் சொன்னால் வீட்டில் துக்கம் விசாரிக்க ஆள் வந்துவிடும். போட் என்பதே பாதுகாப்பு.

கறுத்த திரையைப் பார்க்கும் முறை உண்மையில் எளியது. சுவர்ச் சுவிட்சிலும் மொனிட்டரிலும் தொடங்கி உள்ளே போக வேண்டும். மொனிட்டர் சரியான வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்பது முதல் கேள்வி. இரண்டாவது, எச்.டி.எம்.ஐ. வயர் எங்கே குத்தியிருக்கிறது. கணினியின் முதுகில் அதற்கு இரண்டு இடம் உண்டு: மேலே மதர்போட்டில் ஒன்று, கீழே கிடையாகக் கிராபிக்ஸ் காட்டில் ஒன்று. மலிவுக்காக வாங்கப்படும் ரைசன் 5 5600, ஐ5 12400 எப் போன்ற புரோசெசர்களுக்குள் படம் காட்டும் பகுதியே கிடையாது. ஆகவே மேல் வாசலில் வயரைக் குத்தினால் யுகம் முடியும்வரை கறுப்புத்தான். கீழ் வாசலில் குத்தினால் படம் வரும். புதிதாகப் பூட்டுகிறவர்கள் செய்யும் பிழைகளில் இதற்கே முதலிடம் தரலாம்.

அது சரியென்றால் அடுத்தது ரெம். நான்கு பள்ளம் உள்ள போட்டில் இரண்டு ரெம் என்றால் புரோசெசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும், கிளிக் என்று சத்தம் கேட்கும்வரை அமர்த்த வேண்டும். அதற்கும் அடுத்தது மின் இணைப்பு. போட்டின் மேல் மூலையில் புரோசெசருக்கென்று தனியாக ஒரு செருகி இருக்கிறது. அதை மறந்தாலும் விசிறிகள் சுற்றும், விளக்கு எரியும், படம் வராது. அதற்குரிய எட்டு முள் வயர் 4+4 ஆகப் பிரியும். கிராபிக்ஸ் காட்டுக்குரியது 6+2 ஆகப் பிரியும். ஒன்றை மற்றதில் பலவந்தமாக அழுத்துவது ஆபத்து. இவ்வளவுக்கும் பிறகுதான் பயோஸ்: பழைய பி450 போட்டில் ரைசன் 5000 வரிசையைப் பூட்டினால், பயோஸைப் புதுப்பிக்கும்வரை போட் அதை அடையாளம் காணாமல் இருக்கலாம். டி.டி.ஆர். 5 ரெம் உள்ள கணினி முதல் தடவை சில நிமிடம் கறுத்தே இருந்து ரெமைப் பழக்கிக்கொள்ளும். அதற்குள் அணைத்து அணைத்துப் போடுகிறவர்களுக்குப் பழக்கம் ஒருபோதும் முடியாது. இப்போதைய போட் பலவற்றில் நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன. புரோசெசர், ரெம், காட், டிஸ்க் என்று எந்த இடத்தில் தடங்கலோ அந்த விளக்கு எரிந்து நிற்கும். மனிதனிடம் வாய்விட்டுச் சொல்லும் இந்த விளக்குகளை மச்சான் "அழகுக்கு" என்று வகைப்படுத்தியிருக்கிறார்.

மச்சான் இந்த வரிசையைக் கீழிருந்து மேலே வாசிக்கிறார். முதலில் பயோஸ். ஒரு ரூபாய்க் குத்திபோல் போட்டில் இருக்கும் சி.ஆர். 2032 பட்டரியைக் கழற்றி, பத்து நிமிடம் என்கிறார். அந்தப் பத்து நிமிடத்தில் இடியப்பமும் சொதியும் முடிகின்றன. பிறகு ரெமின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் உரசுகிறார். கடற்காற்றின் உப்பு என்று காரணம். ரெம் பெட்டியிலிருந்து முந்தநாள்தான் வெளியே வந்தது என்று மகன் நினைவூட்டினால், "பெட்டிக்குள்ளயும் காத்துப் போகும் மனே" என்று பதில். அதற்கும் கணினி மசியாவிட்டால் வட்ஸ்அப்பில் கட்டாரிலிருக்கும் இன்னொரு மச்சான். அவர் பார்ப்பதற்காகக் கமெராவைப் பெட்டிக்குள் நீட்டுகிறார்கள். அங்கே அவருக்குத் தெரிவது கறுப்பு. இங்கே இவர்களுக்கும் கறுப்பு. இருவரும் ஒரே முடிவுக்கு வருவதில் வியப்பில்லை. இடையில் வீட்டுக்கார அம்மா சிந்தாயாத்திரைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துவிடுகிறார். துணைக்கு வந்த சம்மாந்துறைக் கூட்டாளி பிஸ்மி சொல்லிச் சுவிட்சை அழுத்துகிறான். விசிறி சுற்றுகிறது.

மூன்றாம் நாள் கணினியைத் தலையணை வைத்துக் கட்டி ஆட்டோவில் கல்முனைக்குக் கொண்டுபோவது வழக்கம். கடைக்காரர் தன் மொனிட்டரின் வயரை எடுத்து, கை போன போக்கில் கீழ் வாசலில் குத்துகிறார். படம் வருகிறது. காசும் வாங்குவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டு வயரைப் பழையபடி மேல் வாசலில் குத்துகிறார்கள். கறுப்பு.

சாதாரண மனிதன் இங்கே குழம்பிப்போவான். மச்சானுக்கோ எல்லாம் தெளிவாகிறது. கடையில் வேலை செய்கிறது, வீட்டில் செய்யவில்லை. ஆகவே பிழை வீட்டில். "உங்கட கரண்ட் சரியில்ல மாமி." சுவரில் டெஸ்டரைக் குத்திப் பார்த்து, எர்த் இல்லை என்று அறிவிக்கிறார். வயரிங் வேலைக்காரர் வருகிறார், மீற்றர் பெட்டிக்குக் கீழே நிலத்தில் செம்புக் கம்பி அடித்து இறக்குகிறார், உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார். கணினிக்கு இதனால் கெடுதி இல்லை; எர்த் இல்லாத வீட்டில் பெட்டியைத் தொட்டால் விரல் சுறுசுறுக்கும், அது நிற்கும். அந்த அளவில் மச்சான் ஊருக்குச் செய்த உபகாரம் சிறியதல்ல.

புது எர்த் உள்ள பிளக் அறையின் மற்றச் சுவரில் இருக்கிறது. கணினியையும் மொனிட்டரையும் மேசையிலிருந்து இறக்கி அங்கே நகர்த்துகிறார்கள். மொனிட்டர் வயர் கட்டை. மேல் வாசலுக்கு எட்டவில்லை, கீழ் வாசலுக்குச் சரியாக எட்டுகிறது. குத்துகிறார்கள். படம் வருகிறது.

தேங்காய் உடைகிறது. அன்றிலிருந்து புதுக் கணினி வாங்க யோசனை கேட்டு வருகிற எல்லாருக்கும் மச்சான் முதலில் எர்த் அடிக்கச் சொல்கிறார்.