கடைசி வரிசைக் காட்சியியல்: அரைக்கால் சட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

‘ஏசி/டிசியை நேரில் பார்த்தேன்’ என்று ஒருவர் சொன்னால், அதில் ‘பார்த்தேன்’ என்னும் வினைமுற்றுக்குப் பொருள் யாது? இதுவரை எவரும் கவலைப்படாத இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. களம்

ஜூலை 2024, லண்டன் வெம்பிளி ஸ்டேடியம். மேடையில், 1973-இல் சிட்னியில் தோன்றிய ஹார்ட் ராக் குழுவான ஏசி/டிசி. மேடைக்கு எதிர்க்கோடியில், மேல் அடுக்கில், கடைசி வரிசையில் ஒரு ரசிகர். அவரை இனிக் ‘காண்பான்’ என்க. மேடை அவருக்குத் தீப்பெட்டி அளவு. அதில் ஆடுவோர் தீக்குச்சி அளவு.

2. காட்சியா, கருதலா?

அறியும் வழிகள் காட்சி, கருதல், உரை என மூன்று. காண்பானுக்கு வாய்த்தது காட்சியன்று, கருதலே. புகை கண்டு நெருப்பு உண்டெனக் கொள்வதுபோல, அரைக்கால் சட்டை கண்டு குழுவின் கிட்டார் கலைஞர் ஆங்கஸ் யங் உண்டெனக் கொள்கிறார். தமக்கை மார்கரெட் சொன்ன யோசனையால் போட்ட பள்ளிச் சீருடை அது. 69 வயதிலும் அதே உடுப்பு. அரை நூற்றாண்டாகத் தேர்ச்சி பெறாத ஒரே மாணவர் இவரே.

அற்றேல், பாடகர் பிரையன் ஜான்சனின் தொப்பியும் அடையாளமாகாதோ எனின், ஆகாது. 2016-இல் செவித்திறன் குறைபாட்டால் அவர் சுற்றுப்பயணத்திலிருந்து விலகினார். எஞ்சிய நிகழ்ச்சிகளில் ஆக்ஸல் ரோஸ் பாடினார். அத்தொப்பி இல்லாத அந்நாள்களில் வந்தவர்களும் ‘பார்த்தேன்’ என்றே சொன்னார்கள். ரிதம் கிட்டாரில் ஆங்கஸின் அண்ணன் மால்கம் யங் இருந்த இடத்துக்கு 2014-இல் இன்னோர் அண்ணனின் மகன் ஸ்டீவி வந்தார். சிற்றப்பா ஆங்கஸைவிட அவர் இரண்டு வயதுகூட இளையவர் அல்லர். அப்போதும் ‘பார்த்தேன்’ மாறவில்லை. குரலுக்கு ஆள் மாற்றலாம், தாளத்துக்கு ஆள் மாற்றலாம். சட்டைக்கு மாற்ற இன்றுவரை எவரும் துணியவில்லை.

3. திரை பற்றிய தடை

பிரம்மாண்டத் திரையில் முகச் சுருக்கம்வரை தெரிகிறதே எனின், தெரியும். ஆனால் அதை வீட்டு டிவியிலும் பார்க்கலாம், தேநீரும் கிடைக்கும். மேலும், காண்பானின் முன்வரிசைக்காரர் அத்திரையைக் கைப்பேசியில் பிடிக்கிறார். காண்பான் அக்கைப்பேசியைப் பார்க்கிறார். இது நிழலின் நிழல்.

4. காது பற்றிய தடை

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 170 மீட்டர் தள்ளியிருப்பவருக்கு மேடை ஒலி அரை நொடி பிந்தியே வரும். எனவே நடுவில் கோபுரமாக நிற்கும் ஒலிபெருக்கிகளையும், மேடை ஒலி வந்துசேரும்வரை வேண்டுமென்றே தாமதிக்க வைப்பர். திரையில் வாய் திறக்கும்; குரல் பின்னால் ஓடிவரும். 1980-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றுக்காக லஃப்பரோ வார்ப்பகத்தில் வார்த்த சுமார் ஒரு டன் மணியின் வாரிசு மேடையில் தொங்குகிறது. அது ஒலித்ததும் கீழே முதல் வரிசைக்குப் பள்ளி தொடங்கிவிட்டது. மேலே நம்மவர் தாமதமாக வந்த மாணவர்.

போதாக்குறைக்குப் பக்கத்து இருக்கைக்காரர் எல்லாப் பாட்டையும் முழுத் தொண்டையில் பாடுகிறார். காண்பான் ஏசி/டிசிக்குப் பணம் கட்டிவிட்டு இவரைக் கேட்கிறார்.

5. துணிபு

கண்ணும் காதும் இவ்வாறு கைவிடவே, நான் முடிவுரையைக் கைவிடும் நிலைக்கு வந்தேன். அப்போது கடைசிப் பாட்டில் பீரங்கிகள் முழங்கின. நெருப்பு முதலில், பிறகு விலா எலும்பில் ஓர் அடி. காண்பானின் இருக்கை அதிர்ந்தது, கையிலிருந்த குவளையில் பீர் வட்டமிட்டது. இதைத் திரை தராது, கைப்பேசி பிடிக்காது, பக்கத்து இருக்கைக்காரராலும் பாட முடியாது. ஐம்புலன்களில் எஞ்சியது ஊறு ஒன்றே. புல்லுக்கும் உரியதென்று இலக்கணம் ஒதுக்கிவைத்த அந்த ஓரறிவுக்காகத்தான் ஆறறிவு மனிதர் பல்லாயிரம் பேர் கூடினர்.

ஆகவே ‘ஏசி/டிசியைப் பார்த்தேன்’ என்பது வழு. ‘பட்டேன்’ என்பதே சரி. டிக்கெட் விலையை நோக்கினும் அச்சொல்லே பொருந்தும்.