துருவோடு மல்லுக்கட்டும் பெரியவர்

திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடற்காற்று வீசும் எந்தத் தெருவிலும் இவர் ஒருவர் இருப்பார். வாசலில் பழைய மாருதி ஜென், ஒரு மூலையை ஜாக்கி தாங்க நிற்கும். கழற்றிய சக்கரம் துளசி மாடத்தில் சாய்ந்திருக்கும். பக்கத்தில் முக்காலி போட்டு, ஓட்டைப் பனியனோடு வயர் பிரஷால் எதையோ தேய்த்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் வங்கியிலோ பொதுப்பணித் துறையிலோ ஓய்வு பெற்றவராக இருப்பார்.

இரும்பும் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தாலே துரு, அதில் கடல் உப்பும் கலந்தால் கேட்கவே வேண்டாம் என்று, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரிடம்கூட விளக்குவார். “இதே வண்டி கோயம்புத்தூர்ல இருந்தா புதுசு மாதிரி இருக்கும் சார்” என்று பெருமூச்சு விடுவார். மகன் கோயம்புத்தூரில்தான் இருக்கிறான். வந்து இருங்கள் என்று கூப்பிட்டும் பார்த்துவிட்டான். போகமாட்டார். அங்கே போய் எதைத் தேய்ப்பது?

முன்சக்கரத்துக்குப் புது பிரேக் டிஸ்க் வாங்கியாயிற்று. அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் ஃபிரிட்ஜ் தலையில் உட்கார்ந்திருக்கிறது. தெருமுனை மெக்கானிக், “கொடுங்க சார், பழசை ரெண்டு தட்டு தட்டிக் கழட்டி, அரைமணி நேரத்துல மாட்டித் தரேன்” என்பான். இவர் அவனை ஒரு பார்வை பார்ப்பார். “ஹப்பு மேல துரு இருக்கே தம்பி, அதை என்ன பண்ணுவே?” “ஓட ஓடத் தேஞ்சிடும் சார்.” அன்றோடு அவனுக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது.

இவர் பக்கம் நியாயம் இருப்பதுதான் சங்கடம். டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் ஒரு துருச்செதில் ஒட்டியிருந்தாலும் போதும், மணைக்கடியில் புளியங்கொட்டை கிடந்த மாதிரி டிஸ்க் சாய்ந்துவிடும். நடுவில் கண்ணுக்கே தெரியாத சாய்வு, விளிம்புக்குப் போகப் போகப் பெரிதாகும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடில் உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். பிறகு பிரேக்கில் கால் வைத்தால் பெடல் உதறும். பல வண்டிகளில் அனுமதிக்கப்படும் ஆட்டமே 0.05 மில்லிமீட்டர் அளவில்தான். ஒரு தலைமயிர்த் தடிமன்கூடத் தேறாது. தப்பாகப் பேசுகிற பிடிவாதக்காரரைக் கேலி செய்துவிட்டு நகரலாம். சரியாகப் பேசுகிறவரை என்ன செய்வது? நின்று கேட்கத்தான் வேண்டும், வெயிலில்.

ஆனால் ஹப்பைச் சுத்தம் செய்வது கால்மணி நேர வேலை. வயர் பிரஷ், கொஞ்சம் உப்புத்தாள், ஒரு துணி, முடிந்தது. இவருக்கு அங்கேதான் வேலையே ஆரம்பிக்கும். கேலிப்பர் பிராக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதிலும் துரு. முதல் நாள் மண்ணெண்ணெயில் ஊறும். மறுநாள் வினிகரில். அதற்கும் மறுநாள் சமையலறையில் புளி காணாமல் போகும். அன்றைக்கு வீட்டில் மோர்க்குழம்பு.

கடைசியில் மின்சார வைத்தியம். குளியலறை பக்கெட்டில் வாஷிங் சோடாவைக் கரைத்து, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை பிராக்கெட்டிலும் பாசிட்டிவை ஒரு பழைய இரும்புக் கம்பியிலும் மாட்டுவார். குமிழி குமிழியாகக் கிளம்புவது ஹைட்ரஜன் என்பதால், அந்த வழியாக யார் சிகரெட்டோடு வந்தாலும் எதிர்ச்சாரிக்கு விரட்டப்படுவார். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் கரண்டி ஆகாதா என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டபோது அலறிவிட்டார்: அதிலுள்ள குரோமியம் விஷமாகித் தண்ணீரில் இறங்குமாம். விஞ்ஞானம் தன் கரண்டிகளைக் காப்பாற்றியது அதுதான் முதல் தடவை என்கிறார் அவர் மனைவி. பக்கெட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வெளியே எடுத்துக் கழுவினால் பிராக்கெட் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். அந்த அழகை நின்று ரசிக்க நேரமில்லை. இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஈர இரும்பு கொஞ்ச நேரத்திலேயே மறுபடி பழுப்பேறும். ஆகவே மகளின் ஹேர் டிரையரோடு ஓடுவார். தன் தலைக்கு அதைப் பயன்படுத்தும் தேவை அவருக்கு எப்போதோ நின்றுவிட்டது.

ஒருவழியாக அட்டைப்பெட்டி பிரிக்கப்பட்டு, டிஸ்க் ஏறி, சக்கரமும் மாட்டியாகிவிடும். தெருவே நிம்மதி அடையும். மனைவி காபியோடு வாசலுக்கு வருவார்.

“ஏங்க, அப்போ நாளைக்கு மாம்பலம் கல்யாணத்துக்கு நம்ம வண்டியிலேயே போயிடலாமா?”

“எப்படிப் போறது? டிஸ்க்கை ஒரு பக்கம் மட்டும் மாத்தக் கூடாது. சோடியாத்தான் மாத்தணும்.” ஜாக்கியை வலது பக்கத்துக்கு இழுத்துக்கொண்டே சொல்வார்: “ஆட்டோவுக்குச் சொல்லிடு. அந்தப் புளி இன்னும் கொஞ்சம் இருக்கா?”