வலி மாத்திரைக்கு ஒரு வாழ்த்து மடல்

வலி மாத்திரை அவர்களே,

தங்கள் எளிமையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்க்க டோக்கன் வாங்கிக் காத்துக் கிடக்கணும். தங்களுக்கோ, மெடிக்கல் ஷாப் வாசலில் நின்று "முட்டி வலிக்கு ஒரு செட்" என்றால் போதும். கடைத்தம்பி கத்தரியை எடுத்து அட்டையை வெட்டுவார். பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் அவரிடமே பத்திரமாக இருந்துவிடும். டைக்ளோஃபெனாக்கா, அசிக்ளோஃபெனாக்கா, எங்களுக்கு எதற்கு? பெயர் சொல்லாமல் உதவுபவரல்லவா பெரியவர்!

தங்கள் நடுநிலை அதைவிடப் பெரிது. ஆஸ்பிரினும் தங்கள் சொந்தங்களும் எப்படி வேலை செய்கிறீர்கள் என்பதை 1971இல் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982இல் அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது. உடம்பில் புராஸ்டாகிளாண்டின் சுரக்காமல் தடுக்கிறீர்கள். முட்டியில் வீக்கத்தையும் வலியையும் கிளப்புவது அதுதான். இரைப்பைச் சுவரை அமிலம் அரிக்காமல் கோழை பூசிக் காப்பதும் அதுவேதான். முட்டியில் அடக்கிவிட்டு வயிற்றில் விட்டுவைத்தால் பாரபட்சம் என்று ஊர் பேசாதா? வந்த வழியையும் தாங்கள் பார்ப்பதில்லை. "ஊசியாப் போட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது" என்பவர்களையும் ஏமாற்றாமல், ரத்தத்தோடு ரத்தமாக இரைப்பைக்கு வந்துசேர்கிறீர்கள்.

நாகரிகமோ நாகரிகம்! வயிற்றில் புண்ணே வந்தாலும் பலருக்கு வலி தெரிய விடுவதில்லை. எங்கள் பெரியம்மாவுக்கு அப்படிப் புண்ணில் ரத்தம் கசிந்து, மலம் தார் மாதிரி கறுத்துப் போனது. "இரும்புச் சத்து டானிக் குடிக்கிறேன்ல, அதான்" என்று மூன்று நாள் சும்மா இருந்தார். நாலாம் நாள் கொல்லையில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை சாப்பிட்டீங்க என்று கேட்டதற்கு, "ரோஸ் கலர்ல இருக்கும்" என்றார். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிய பிறகும் தங்களை விட்டுக்கொடுக்கவில்லை: "முட்டி வலி மட்டும் சுத்தமா இல்லப்பா."

கேஸ் மாத்திரையைத் துணைக்குக் கூட்டி வருவதும் தங்கள் பெருந்தன்மை. ஒமிப்ரசோல் வகை, இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் ஓரளவு காப்பாற்றும். அதற்குக் கீழே உள்ள குடல் முழுவதையும் தங்கள் கருணைக்கே விட்டுவிடும்.

தங்கள் குடும்பத்துப் பிள்ளை வயாக்ஸைச் சொல்லாமல் விட்டால் பாவம். வயிற்றைத் தொடமாட்டேன் என்று 1999இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தார். பெருமளவு வாக்கைக் காப்பாற்றினார், பலருடைய நெஞ்சைத் தொட்டார். மாரடைப்புக் கணக்கு வெளியில் வந்து, 2004இல் மெர்க் நிறுவனமே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

வாசகர்களே, வயது அறுபத்தைந்தைத் தாண்டியவரோ, முன்பே வயிற்றுப் புண் வந்தவரோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவரோ என்றால் இந்தப் பெரியவரை டாக்டர் சொல்லாமல் வீட்டுக்கு அழைக்காதீர்கள். கடையில் வாங்கும்போது, பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.