பசித்திருக்கிறது, சாகவில்லை!

கேள்வி: ரொட்டி சுட வளர்த்த சவர்டோ ஸ்டார்ட்டரை (புளித்த தாய்மாவை) ஒரு மாதம் ஃபிரிட்ஜில் மறந்துவிட்டேன். மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நிற்கிறது. எறிந்துவிடலாமா?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அவசரப்பட்டுக் கருமாதி செய்துவிடாதீர்கள்! உள்ளே இருக்கும் ஈஸ்ட்டுக்குக் கொலைப்பசி; அந்தத் தண்ணீர் அதன் சாப்பாட்டு மணி. மாவைத் தின்று தீர்த்த ஈஸ்ட் விட்டுவைத்த ஆல்கஹால் அதில் இருக்கிறது. அதை வடித்துவிடுங்கள். 20 கிராம் ஸ்டார்ட்டரை எடுத்து, 20 கிராம் மாவும் 20 கிராம் தண்ணீரும் கலந்து வெளியே வையுங்கள். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படியே ஊட்டினால், சில நாளில் இரு மடங்காகப் பொங்கி எழும். பிறகு ஃபிரிட்ஜில் வைத்து வாரம் ஒருமுறை ஊட்டினால் போதும். பூஞ்சையோ, இளஞ்சிவப்பு, ஆரஞ்சுக் கோடுகளோ தெரிந்தால் மட்டும் இரக்கமே வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் 1849இல் தொடங்கிய பூடான் ரொட்டிக்கடையின் தாய்மாவை, 1906 நிலநடுக்கத்தின்போது லூயிஸ் பூடான் அம்மையார் வாளியில் அள்ளிக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். நிலநடுக்கத்தையே தாண்டிய குலம், உங்கள் மறதியைத் தாண்டாதா?